ஒரே கம்ப்யூட்டரிடம் இரண்டு தரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். ஆனாலும் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை, கையெழுத்துதான். மார்பில் பயறு போல ஒரு கட்டி தட்டுப்பட்டு ஸ்கேன் எடுக்கப் போன அன்றும் பெயரை எழுதித்தான் கொடுத்தேன்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் என் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்தது. ஆயிரமாயிரம் பேருடைய கட்டிப் படங்களைக் காட்டி, இது நல்லது, இது கெட்டது என்று அதைப் பழக்கி வைத்திருக்கிறார்களாம். என்னுடையது நல்ல கட்டி என்றது. எதைக் கண்டு அப்படிச் சொல்கிறது என்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். காரணம் சொல்ல அதற்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

மகளுக்கு மனசு கேட்கவில்லை. இரணியலில் ரயிலேற்றித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கேயும் நல்ல கட்டிதான். இரண்டு இடத்திலும் ஒன்றுபோலச் சொல்லிவிட்டார்கள் என்று அவள் முகம் தெளிந்துவிட்டது. அங்கே யார் பார்த்தது என்று நான் விசாரித்தேன். அதே கம்பெனியின் அதே கம்ப்யூட்டராம். அது சொன்னதற்குக் கீழே டாக்டர் கையெழுத்து மட்டும் வைத்திருக்கிறார்.

"ஏட்டி, ஒரே ஆளுகிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டு, ரெண்டு பேரு சொன்னதா சொல்லுதியே" என்றேன்.

"ஆமா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று ரயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெரிந்தால் ஏன் கேட்கப் போகிறேன்?

நாகர்கோவிலுக்கே திரும்பிப் போய், கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தேவையில்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எடுத்தார்கள். கெட்ட கட்டி. சிறிதாக இருக்கும்போதே அகப்பட்டது நல்லதாயிற்று என்று சொல்லி உடனே ஆபரேஷன் செய்தார்கள். ரயிலில் அப்படிப் பேசிவிட்டோமே என்று மகள் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவே கூசினாள்.

இப்போது சுகம்தான். ஒன்றுதான் விளங்கவில்லை. தையல் பிரிக்கப் போன அன்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "நம்ம கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லிட்டுன்னு அதுகிட்ட யாரு சொல்லுவா?"

கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். யார் தெரிவிப்பது என்று அவருக்கும் நிச்சயமில்லை. என்னுடையதைப் போலவே ஒரு கட்டியோடு இன்றைக்கு எந்த ஊர்க்காரி அதன் முன்னால் போய் நிற்கிறாளோ.