இழுவைப் படம்

தேனியில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம், முந்தின நாள் பார்த்த மாயாஜாலப் படம் நன்றாக இருந்தது என்று சொல்லித் தொலைத்தேன். நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியும் மடியில் அதன் மூலக்கதைப் புத்தகமுமாகப் பாய்ந்தார்.

“படமா அது? ஒரே இழுவை! புத்தகத்துல இல்லாத கிளைக்கதையெல்லாம் சேத்துட்டாக.”

சரியான கதையை அவரே சொல்ல ஆரம்பித்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் என் தொடையில் தட்டினார். பஸ் வீரபாண்டி ஊரைத் தாண்டியும் கதையில் இளவரசன் குதிரை ஏறவில்லை. “அவன் அங்கன நிக்கட்டும்” என்று விட்டுவிட்டுத் தன் மச்சினனின் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் புகுந்து, வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.

“அண்ணே, பூதம் எப்பத்தான் வரும்?”

“பொறுங்க தம்பி. கதைன்னா நிதானமாத்தான் போகணும்.”

எரிச்சலோடு வெளியே பார்த்தேன். உத்தமபாளையம். நான் இறங்க வேண்டிய சின்னமனூர் எப்போதோ போய்விட்டிருந்தது; பூதம்தான் இன்னும் வரவில்லை.