வாயில் நிற்கிற நம்பர்

பூட்டு திறக்கிற தொழிலில் ஒரு கூத்து உண்டு. வேறு எந்தத் தொழிலிலும் இது கிடையாது. வாடிக்கையாளருக்கு நாம் தேவைப்படுகிற அந்த நிமிடத்தில், அவர் கையில் போன் இருக்காது. போன் உள்ளே இருக்கும். சாவிக்குப் பக்கத்திலேயே, மேசைமேல், சமத்தாக. குப்பை கொட்ட வெளியே வந்திருப்பார், கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி, மண்டையில் இருக்கிற நம்பரை அழுத்த வேண்டும். மண்டையில் இல்லையென்றால் கதை முடிந்தது.

சாவியக்காவுக்கு இது பதினாறு வருடமாகத் தெரியும். கடைவீதிக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் அவருக்கு ஒரு கடை. கடை என்ன கடை, நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு சாவி அறுக்கும் மெஷின், சுவரெல்லாம் இன்னும் பல் வெட்டாத வெற்றுச் சாவிகள், மடியில் எப்போதும் பித்தளைத் தூள். எந்தக் கதவாக இருந்தாலும் முழங்காலுக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தால் நாலு நிமிடம், அவ்வளவுதான். ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். "கதவைத் திறக்க நாலு நிமிஷம், அக்கா வாயை மூட நாலு மணி நேரம்" என்று எதிர்க்கடைத் தையல்காரர் சொல்வார். அக்கா காதில் விழாத தூரத்தில் நின்றுதான்.

பதினாறு வருடமாக வைத்திருந்த நம்பர் ஒரு நாள் செத்துப்போனது. அந்தப் போன் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். புது நம்பர் வாங்கியே ஆக வேண்டும்.

"அக்கா, நீ பேசாம இரு. இது என் டிபார்ட்மென்ட்" என்று குதித்து வந்தான் தம்பி. அவனுக்கு வீட்டிலேயே 'விளம்பரம்' என்றுதான் பெயர். பல் தேய்த்தால்கூட நாலு பேருக்குத் தெரிய வேண்டும் அவனுக்கு. எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ பிடித்து, ஒரு பேன்சி நம்பரைத் தூக்கிக்கொண்டு வந்தான். இந்த ஊரில் நம்பர் என்றால் எட்டு எண்; இதில் முன்னால் ஒரு ஏழு, பின்னால் ஒரு ஏழு, நடுவில் ஆறு நாலு. "ஒரு தடவை பார்த்தா ஜென்மத்துக்கும் மறக்காதுக்கா!" அக்கா வாயைத் திறப்பதற்குள் மாடிப்படிமேல் மஞ்சளில் ஒரு போர்டு ஏறிவிட்டது. நாலுகள் ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்.

இரண்டு மாதம் போனது. போன் மட்டும் வரவில்லை. நடந்து வந்து சாவி போடுகிறவர்கள் வந்தார்கள். வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் கூப்பிடவில்லை. "என்னய்யா இது, ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல புத்தி வந்துடுச்சா? எவனும் சாவியை உள்ள வெக்கறதில்லையா?" என்று அக்கா தையல்காரரிடம் கேட்டார். அவர் பாவம், ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு காலை, மேசைமேல் ஒரு உடைந்த பூட்டு வந்து விழுந்தது. நிமிர்ந்தால், ஊர்க்கோடி அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிற டீச்சர். அக்காவே ஒருமுறை அவர் வீட்டுக் கதவைத் திறந்துகொடுத்து, போன மாதம்தான் புது நம்பரையும் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"யாரு இப்படிப் பண்ணது? கடப்பாரை போட்டு நெம்பியிருக்காங்களே! என்னைக் கூப்பிட்டிருந்தா..."

"கூப்பிட்டேன்!" டீச்சர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை மெஷின் நின்றது. "ஆறு தடவை கூப்பிட்டேன்! அடுப்புல பால், உள்ள குழந்தை. பதினோரு மாசக் குழந்தை! கதவு சாத்திக்கிச்சு. பக்கத்து வீட்டுப் போனை வாங்கி அடிக்கறேன். ஏழு போட்டேன், நாலு நாலா போட்டேன், சத்தமே இல்ல. இன்னும் ஒரு நாலு சேத்துப் போட்டேன், எவனோ ஒருத்தன் எடுத்து 'இனிமே பண்ணா போலீசுக்குப் போவேன்'னு கத்தறான். எத்தனை நாலுன்னு அந்த நேரத்துல விரல் விட்டு எண்ணிக்கிட்டு நிப்பேனா நான்? கதவுக்குக் கீழேருந்து புகை வருது!"

அக்கா எழுந்துவிட்டார். தலை இடித்தது. கவனிக்கவில்லை.

"குழந்தை?"

"நல்லா இருக்கு. அது உங்க புண்ணியம் இல்ல. கடப்பாரை வெச்சிருந்தவர் புண்ணியம்." டீச்சர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அக்கா போனை எடுத்தார். ஏழு. அப்புறம் நாலு, நாலு, நாலு... ஒன்று கூடுதலாகவே, மொத்தம் ஏழு நாலு அழுத்தினார். எட்டு எண் அழுத்தியதுமே லைன் போய்விடும், கடைசியில் வரவேண்டிய ஏழுக்கு இடமே இல்லை.

"மறுபடியும் பூட்டா?" அந்தப் பக்கம் வெடித்தது. யாரோ ஒரு காண்ட்ராக்டர். இவருடையதைவிடப் பெரிய பேன்சி நம்பர் அவருடையது. "ரெண்டு மாசமா என் உயிரை எடுக்கறீங்கய்யா! நான் சாவிக்காரன் இல்ல, இல்ல, இல்ல!"

"நான்தாங்க அந்தச் சாவிக்காரி."

அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுத முடியாது. அக்கா வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருவர் திட்டி முடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேர் கூப்பிட்டாங்க?"

"தினம் ரெண்டு பேரு! போன வாரம் ஒரு பெரியவர் அழறாரும்மா. மாத்திரை உள்ள இருக்காம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

அக்கா போனை வைத்தார். தினம் இரண்டு பேர்! அறுபது நாள்! அத்தனை பேரும் இவரை நம்பித்தானே சாத்திய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்!

விளம்பரம் மத்தியானம் வந்தான். அக்கா ஏணி போட்டு ஏறி, போர்டிலிருந்த மஞ்சள் நாலுகளை உளியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! அக்கா, பைத்தியமா உனக்கு? எவ்ளோ அழகா இருந்துச்சு! தெருக்கோடியிலருந்து பார்த்தாலே பளிச்சுனு..."

"பூட்டின வீட்டு வாசல்ல நிக்கறவ, தெருக்கோடிக்கு வந்து உன் போர்டைப் பார்த்துட்டுப் போவாளாடா?"

"ஜனங்களுக்கு எண்ணத் தெரியலன்னா நான் என்ன பண்றது?"

அக்கா ஏணியிலிருந்து இறங்கினார். மெதுவாக, ஒவ்வொரு படியாக. அதைப் பார்த்ததுமே தையல்காரர் தன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

"ஒரு குழந்தை புகைக்குள்ள கிடந்துதுடா. உன் ஆறு நாலுக்கு. அது தெரியாம நான் இங்க உக்காந்து, ஊருக்கே புத்தி வந்துடுச்சுன்னு சிரிச்சிக்கிட்டிருந்தேன். உன்னைச் சொல்லி என்ன, வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். போ. என் கண்ணு முன்னால நிக்காத."

விளம்பரம் போனான். ஒரு வார்த்தை பேசாமல் போனான். அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

அக்கா நேராகப் போன் கடைக்குப் போனார். கடைப்பையன் கண்ணாடிக்கு அடியிலிருந்து வழவழப்பான ஒரு அட்டையை எடுத்தான். தங்க வரிசை, வெள்ளி வரிசை.

"இது சூப்பர் நம்பர்க்கா. மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்."

அக்கா அட்டையைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லு."

"என்னது?"

"ஆணி அடிச்சியே, அந்த நம்பர். பார்க்காம சொல்லு."

பையன் விழித்தான். விற்கிறவனுக்கே தெரியவில்லை! அடுத்த நம்பரைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லிவிட்டான். அக்கா தலையை ஆட்டினார். "செல்லாது. நீ பேன் காத்துல நிம்மதியா உக்காந்திருக்கே. இரு." ஆரம்பித்தார் பாருங்கள்! அவன் கடை அழுக்கு, அவன் காதில் மாட்டியிருந்த வயர், வாடிக்கையாளர் நிற்கும்போது அவன் உட்கார்ந்திருக்கிற லட்சணம் என ஒன்றுவிடாமல் பிய்த்து எடுத்தார். பையன் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, மரியாதையா பேசுங்க, நானும்..."

"நம்பர் என்ன? சொல்லு!"

"மூணு... ரெண்டு எட்டு... இல்ல, மூணு எட்டா..."

"வேணாம். அடுத்தது."

இப்படி ஒன்பது நம்பர். பின்னால் வரிசை நீண்டது. யாரும் முணுமுணுக்கவில்லை, இலவசமாக இப்படி ஒரு காட்சி யாருக்குக் கிடைக்கும்? தங்கமும் வெள்ளியும் தீர்ந்து, யாரும் சீண்டாத சாதா நம்பர்க் கட்டுக்கு வந்தார்கள். பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத ஒரு நம்பர். அக்கா அதை அவன் கண்ணில் காட்டவேயில்லை. இரண்டு இரண்டாகச் சேர்த்து, வீட்டு நம்பர் சொல்வதுபோல் ஒரே ஒரு முறை வாயால் சொன்னார். பிறகு திட்டினார். இந்த முறை முடிவெட்டு வரைக்கும் போய்விட்டார்.

பையன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு, அம்பது, பதினஞ்சு! போதுமா? கடையை விட்டுப் போங்க முதல்ல!"

"எடு அதை" என்றார் அக்கா.

கண்ணுக்கு அழகான நம்பர் வேறு, வாயில் நிற்கிற நம்பர் வேறு. கோபத்திலும் பயத்திலும் கண் முதலில் போய்விடுகிறது. வாய்தான் மிஞ்சுகிறது.

மறுநாள் காலை அக்கா டீச்சர் வீட்டு வாசலில், புதுப் பூட்டோடு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிளந்துபோன கதவு நிலையில் கட்டை வைத்து ஆணி அடித்து, பூட்டைப் பொருத்தி, நாலு தடவை திறந்து மூடிக் காட்டினார் அக்கா.

"நம்பர் மாத்திட்டேன் டீச்சர். அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு, அம்பது, பதினஞ்சு."

"உங்க நம்பரே எனக்கு வேணாம்" என்றார் டீச்சர். கதவைச் சாத்தினார். புதுப் பூட்டு நன்றாகவே விழுந்தது.

அக்கா சாக்கை உதறி மடித்துக்கொண்டு படி இறங்கினார். இரண்டாவது மாடி தாண்டியிருப்பார். மேலே கதவு தடாலென்று திறந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேல் டீச்சர் தலை தெரிந்தது, பக்கத்தில் குழந்தையின் தலையும்.

"அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு, அம்பது, பதினஞ்சு! சனியன், அடுப்பைப் பத்த வெக்கப் போனா அதுதான் வாயில வருது! மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது!"

"போகக் கூடாது!" என்று அதே சத்தத்தில் அக்காவும் மேலே பார்த்துக் கத்தினார்.