‘மஞ்சள்தானே’ என்று சொல்லி விற்ற மாத்திரை

செல்வியின் கணவர் ஏழுமலை எங்கள் மெடிக்கல் கடைப் படியேறும்போதே அவர் கையில் லேப் ரிப்போர்ட் இருப்பதைப் பார்த்துவிட்டேன். அவர் உட்காரவில்லை.

“காமாலை திரும்ப வந்துடுச்சுங்க மேடம். கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடக்குது. மொத வாட்டிய விட இந்த வாட்டி ஜாஸ்தியாம். இன்னா மருந்து சாப்ட்ட, இன்னா மருந்து சாப்ட்டன்னு டாக்டரம்மா கேட்டுக்கினே இருக்காங்க. இவ ஒண்ணும் சாப்புடலன்றா.”

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். காமாலையைக் காட்டும் பிலிருபின், ஒன்றுக்குள் இருக்க வேண்டியது, பதினொன்று. நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டி நின்றது. வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. செல்வி குடிக்கிறவள் இல்லை. நாற்பத்தோரு வயது, தியாகதுருகம் பக்கம் சொந்த நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிற பெண். ஒரு வருஷத்துக்குள் இரண்டு தடவை கல்லீரல் இப்படிக் கெட்டுப்போக என்ன காரணம்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“இன்னும் ஏறிச்சுன்னா புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும்னுட்டாங்க” என்றார்.

கள்ளக்குறிச்சியில் ஒரே மெடிக்கல் கடையில் இருபத்தெட்டு வருஷம் ஃபார்மசிஸ்டாக நின்றவள் நான். டி.பார்ம் முடித்துவிட்டுப் புதிதாகக் கவுண்டருக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் பெரிய பெரிய மருந்துகளைப் பற்றிக் கேட்பார்கள். நான் இந்த மஞ்சள் மாத்திரை கதையைத்தான் சொல்வேன். இதில் எனக்குப் பெருமை எதுவும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்.

1. முட்டி வலி

அதற்கு ஐந்து மாதம் முன்பு, கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம் செல்வி கடைக்கு வந்தாள். முட்டி வலி. வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்றாள்.

“வேற ஏதாச்சும் குடுங்கக்கா. சூடு பண்ணாம இருக்கணும்.”

எங்கள் முதலாளி ரஹீம் பாய் அப்போதுதான் ஒரு புது அயிட்டத்தை ஷெல்ஃபில் அடுக்கியிருந்தார். மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின், கூடவே கொஞ்சம் மிளகுச் சாறு. பச்சை டப்பா, மேலே மஞ்சள் கிழங்கு படம், அறுபது மாத்திரை. பாயும் தன் முட்டிக்கு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். எடுத்து நீட்டினேன்.

“இது இன்னா மருந்துக்கா?”

“மருந்தே இல்லம்மா. நீ கொழம்புல போடுற மஞ்சள்தானே இது. பயப்படாம சாப்பிடு.”

இதைச் சொன்னது நான்தான். அப்படியே, வார்த்தை மாறாமல். அன்றைக்குச் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. டப்பாவில் ‘தினம் ஒன்று’ என்று போட்டிருந்தது. அதையும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன், செல்விக்கு மஞ்சள் காமாலை என்று. அந்த இரண்டு மாதத்துக்குள் அவர்கள் நாலு டப்பா வாங்கியிருந்தார்கள்; தினம் ஒன்று என்றால் ஒரு டப்பாவே போதும். எண்ணிப் பார்த்திருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும். ஒரு தடவை ஏழுமலை வாங்குவார், ஒரு தடவை அவர் தம்பி வாங்குவார். நான் எண்ணவில்லை.

2. பத்தியம்

எங்கள் ஊர்ப்பக்கம் காமாலை என்றால் டாக்டரிடம் போவார்கள், ரத்தம் கொடுப்பார்கள், ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக மலைக்கு பஸ் ஏறிவிடுவார்கள். படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமெல்லாம் கிடையாது. மலைமேல் கரியாலூரில் சின்னசாமி என்று ஒருவர் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். செல்வியும் அவரிடம் போனாள். மூன்று நாள் மருந்து, நாற்பத்தைந்து நாள் பத்தியம். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, இங்கிலீஷ் மாத்திரை எதுவும் இல்லை. இத்தனைக்கும் மேலே, மஞ்சள் கூடவே கூடாது. உடம்பே மஞ்சளாகக் கிடக்கும்போது மஞ்சளைச் சேர்த்தால் இன்னும் ஏறும் என்பது கணக்கு.

பத்தியம் முடிந்து கடைக்கு வந்தபோது கண் வெள்ளையாகத் தெளிந்திருந்தது. முட்டி வலி மட்டும் திரும்ப வந்துவிட்டது.

“அந்த மஞ்ச மாத்திரைய போடலாமாக்கா? மஞ்சளே ஆவாதுன்னு மலையில சொன்னாங்க.”

நான் சிரித்தேன். நன்றாக, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

“மஞ்சள் தின்னா காமாலை வரும்னா, பீட்ரூட் தின்னா செவந்துடுவியா? நல்லா சாப்பிடு. காமாலை வந்த கல்லீரலுக்கு மஞ்சள் நல்லதுதான்.”

மூடநம்பிக்கையை ஒழித்துவிட்ட திருப்தியோடு ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் ஏழுமலை ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். நான் முதலில் சொன்னது அந்த நாளைத்தான்.

3. யார் மேல் சந்தேகப்படுவது

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று எனக்கு மாத்திரை மேல் சந்தேகமே வரவில்லை. மலை மருந்து மேல்தான் வந்தது. கீழாநெல்லியோடு வேறு ஏதாவது இலையைச் சேர்த்து அரைத்திருப்பார், அது உள்ளே தங்கி இப்போது வேலையைக் காட்டுகிறது என்று பாயிடம் சொன்னேன்.

“மூணு நாள் குடிச்ச மருந்து ரெண்டு மாசம் கழிச்சு வேல செய்யுமா வாசுகிம்மா?” என்றார் பாய்.

“அப்ப வேற என்னங்க பாய்?”

அவர் பச்சை டப்பா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். “இதுவா இருக்குமோ? ஆனா நானும்தானே போட்டுக்கினு இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்லியே. மாசம் இருவது பேர் வாங்குறாங்க. ஒருத்தரும் வந்து சொல்லலியே.”

இதுதான் என்னை ரொம்பவே குழப்பியது. இருபது பேரும் நன்றாக இருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் படுத்துவிட்டாள் என்றால் கோளாறு மாத்திரையிலா, அந்த உடம்பிலா? அப்புறம், மஞ்சள் போய்க் கல்லீரலைக் கெடுக்குமா? பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறோமே!

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலை பஸ்ஸில் ஏறினேன். சின்னசாமியை மடக்கிக் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

தாடி வைத்த பெரியவர் ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். அருவிக்குப் போகும் வழியில், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்த முப்பத்தைந்து வயது ஆள்தான் சின்னசாமி. மருந்து கொடுப்பது காலையில் மட்டும், மீதி நேரம் டீக்கடை. நான் யார் என்று சொல்லவில்லை. செல்விக்கு வேண்டியவள் என்று மட்டும் சொன்னேன். என்ன இலை என்று கேட்டதும் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் செடியையே பிடுங்கிக் காட்டினார். கீழாநெல்லிதான். இலைக்கு அடியில் காய் வரிசையாக இருந்தது. வேறு எதுவும் சேர்ப்பதில்லை என்றார்.

“அப்புறம் ஏங்க அவளுக்குத் திரும்ப வந்துச்சு?”

“நான் இன்னாங்க பண்றது? நாப்பத்தஞ்சாம் நாளு வெயில்ல நிக்க வெச்சுப் பாத்தேன். கண்ணு பால் மாதிரி இருந்துச்சு. மஞ்ச மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேணாம்மான்னு சொல்லித்தான் அனுப்புனேன். கேக்கலியே. போன வாரம் போன் பண்ணுனப்ப சொல்லுது, மெடிக்கல்ல ஒரு அம்மா சிரிச்சாங்களாம், மஞ்ச மாத்திரை சாப்புடு, நல்லதுன்னாங்களாம். காலையில ரெண்டு, ராத்திரிக்கு ரெண்டு போட்டுக்கினு இருந்துச்சாம்.”

“நாலா?”

“மஞ்சள்தானே, ஜாஸ்தி போட்டா சீக்கிரம் கேக்கும்னு போட்டுச்சாம். படிச்சவங்க சொன்னா நாங்க எங்க பேச முடியும்?”

டீ கையிலேயே ஆறிப்போனது. அந்த அம்மா நான்தான் என்று கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, “மஞ்ச ஏன் ஆவாதுன்னு எனக்கும் தெரியாதுங்க. எங்கப்பா சொல்லுவாரு, நானும் சொல்றேன்” என்றார்.

அவருக்குக் காரணம் தெரியவில்லை, ஆனால் சொன்னது சரியாகிவிட்டது. எனக்குக் காரணமெல்லாம் தெரியும், சொன்னது தப்பு. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

4. பஸ் டிக்கெட் பின்னால் போட்ட கணக்கு

இறங்கும் பஸ்ஸில், மாத்திரையை விற்கும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டேன்.

வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். ஒரு டீஸ்பூன் தூள் மூன்று கிராம் என்றால் அதில் இருப்பது தொண்ணூறு மில்லிகிராம். டப்பாவில் சின்ன எழுத்தில் இருந்தது 500 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட், அதில் 95 சதவீதம் குர்குமின். அதாவது ஒரு மாத்திரைக்குள் ஐந்து டீஸ்பூன் மஞ்சளின் சத்து. நாலு மாத்திரை என்றால் ஒரு நாளைக்கு இருபது டீஸ்பூன். எந்த வீட்டுக் குழம்பில் ஒரு ஆள் அவ்வளவு மஞ்சள் சாப்பிடுகிறார்? குழம்பு மஞ்சளில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். அப்படிப் போகாமல் பிடித்து உள்ளே தள்ளத்தான் மிளகுச் சாறு. அதே மிளகுச் சாறு வேறு சில மருந்துகளையும் ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எல்லாம் நான் படித்ததுதான். செடியிலிருந்து வந்தது என்பதால் ஒன்று சாது ஆகிவிடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். பச்சை டப்பாவையும் கிழங்குப் படத்தையும் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

பஸ்ஸிலிருந்தே ஏழுமலைக்குப் போன் போட்டேன். “அந்த மாத்திரையை இப்பவே நிறுத்துங்க. டப்பாவை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நானும் வரேன்.”

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “இதை யார் குடுத்தது?”

“நான்தாங்க டாக்டர்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. “இதாத்தான் இருக்கணும்னு அடிச்சுச் சொல்ல முடியாது. நிறுத்தினதும் எறங்குச்சு, ஆரம்பிச்சதும் ஏறுச்சுன்னா சந்தேகம் பலமா இருக்கு. சில பேர் உடம்புக்கு இது ஒத்துக்காது. அது யாருன்னு முன்னாடியே தெரியாது. நிறுத்திட்டுப் பாப்போம்.”

பார்த்தோம். முதல் வாரம் பிலிருபின் இன்னும் ஏறியது. தினமும் கடையிலிருந்து நேராக வார்டுக்குப் போய் அவள் கண்ணைப் பார்ப்பேன். இரண்டாவது வாரம் நின்றது. மூன்றாவது வாரம் இறங்க ஆரம்பித்தது. டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து பக்கவிளைவு அறிவிக்கும் படிவத்தை நிரப்பி அனுப்பினோம். பாய் பச்சை டப்பாக்களை ஷெல்ஃபிலிருந்து இறக்கி உள்ளே வைத்தார். தன் டப்பாவையும் கொண்டுவந்து அதோடு வைத்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் பண்ணலதான். ஆனா இனிமே பயமா இருக்குது” என்றார்.

5. கேட்காத கேள்வி

வார்டில் ஒருநாள் செல்வியிடம் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ரெண்டு தடவையும் டாக்டர் அத்தனை வாட்டி கேட்டாங்களே, இந்த மாத்திரையை ஏன்மா சொல்லல?”

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“அவங்க இன்னா மருந்து சாப்புடுறன்னுதானேக்கா கேட்டாங்க? நீங்கதானே இது மருந்தே இல்லன்னு சொன்னீங்க.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள், அவ்வளவுதான். அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என் மேலதான் செல்வி” என்றேன். “ஐய, விடுங்கக்கா, இன்னா இது” என்று காலை இழுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் கவுண்டரில் ‘என்ன மருந்து சாப்பிடுறீங்க’ என்று மட்டும் கேட்டு நான் நிறுத்தியதில்லை. ‘மருந்துன்னு நெனைக்காம வேற என்னென்ன வாயில போடுறீங்க? பொடி, லேகியம், கஷாயம், ஆன்லைன்ல வாங்கின டப்பா?’ என்று கேட்பேன். எத்தனை வேளை, எத்தனை என்றும் கேட்பேன். பாதிப் பேர் முறைப்பார்கள். மீதிப் பேர் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். பார்த்தால் தலை சுற்றும். எது யாருக்குச் சேரும், எது யாரைப் படுக்க வைக்கும் என்று எனக்கு இப்போதும் முழுசாகத் தெரியாது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகிக்கொண்டேன். டாக்டரிடம் டப்பாவோடு அனுப்பப் பழகிக்கொண்டேன்.

செல்வி இப்போது நன்றாக இருக்கிறாள். முட்டிக்குப் பயிற்சி செய்கிறாள், வலி கொஞ்சம் கம்மி என்கிறாள். நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வாரம் கடைக்கு வந்தாள். வெயிலில் வேலை, களைப்பாக இருக்கிறது, குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று வேண்டும் என்றாள். எடுத்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“அக்கா, இது மருந்தா, மருந்து இல்லியா?”

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் டப்பாவைப் பார்க்காமலே பதில் சொன்னவள் நான். “இரும்மா” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டைத் திருப்பி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.