நடந்து வந்த வருத்தம்

வாப்பாவின் வயிற்றில் இடப்பக்கம் ஒரு கட்டி இருந்தது. எங்கள் ஊரில் அது ஒரு பெரிய விஷயமா? வயலில் கிடந்து மலேரியாக் காய்ச்சல் கண்ட ஆம்பிளைகளில் பாதிப்பேருக்கு மண்ணீரல் வீங்கித்தான் இருக்கும். கொய்னா மருந்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். வாப்பாவும் அப்படித்தான் இரண்டு வருடம் ஓட்டினார். சாரன் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லோடு திரும்பி வந்தார். முந்திய வருடம் அடுத்த வளவு வீட்டுப் பிள்ளைக்கும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். மூக்கால் இரத்தம் வடிந்து இருபது நாளில் மௌத்து. ஆகவே தனக்கும் இருபது நாள் என்று வாப்பா முடிவுகட்டிவிட்டார். டாக்டர் மேற்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னாராம். பெயரைக் கேட்டதோடு வாப்பாவுக்குக் காது அடைத்துப்போயிற்று.

"என்ட கண்ணோட மகள்ட கலியாணத்தப் பாத்திரணும்" என்றார் உம்மாவிடம். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த வருடக் கடைசியில் எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுத இருந்தேன். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் எழுதாத பரீட்சை. ஒன்பதாம் நாள் நிக்காஹ். மாப்பிள்ளை மாமியின் மகன்; ஊர் வழக்கப்படி எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். நல்ல மனிதர்தான். என் கோபம் முழுக்க வாப்பாவோடு. சாகப்போகிறவரோடு எப்படிக் கோபிப்பது? உள்ளுக்குள்ளேயே புழுங்கினேன்.

இருபது நாள் கழிந்தது. வாப்பா எழும்பி முகம் கழுவினார். முப்பதும் கழிந்தது. அந்த நாட்கள் எனக்கு இப்போதும் பாதி கனவுதான். கச்சான் காற்றில் வெயில் வெளிறிக் கிடக்கும்; கடல் இரைச்சல் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். தென்னைக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் வாப்பா கண்ணை மூடிப் படுத்திருப்பார். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று தூரத்தில் நின்று பார்ப்பேன். இறங்கும்வரை என் மூச்சும் நிற்கும். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இரிக்கன் புள்ள" என்றார், வெட்கப்பட்டவர்போல.

அன்றே கொழும்பு டாக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு, கல்முனையில் எங்களுக்கு மருந்து தருகிற அப்போதிக்கரி ஐயாவிடம் போனேன்.

"அந்தப் பேர்ல ஒரு வருத்தமில்ல பிள்ளை, நாலு நோய் இரிக்கி" என்றார். "எலும்பு மச்சையில பிறக்கிற வெள்ளை அணு கெட்டுப்போறது ஒரு சாதி. நெறி கட்டுற இடத்து அணு கெட்டுப்போறது மற்றச் சாதி. ரெண்டிலயும் ஓட்டமா வாறதும் இரிக்கி, நடந்து வாறதும் இரிக்கி. அந்தப் பிள்ளைக்கு வந்தது ஓட்டம். வாப்பாக்கு மச்சையில, நடந்து வாறது. வருசக்கணக்கில இருப்பார். ஆனா…"

"ஆனா?"

"கடைசியில அதுவும் ஓடத் தொடங்கும்."

வழியெல்லாம் சிரித்தேன், அழுதேன். வாப்பாவிடம் சொன்னதும் சாய்மனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அப்ப உன்ட சோதினை?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல பேர வெட்டிட்டாங்க" என்றேன். உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

நாலு வருடம் இருந்தார். கொழும்பில் வயிற்றுக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி வைத்தியம் செய்தார்கள், கட்டி சுருங்கிற்று. என் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரையெல்லாம் திரிந்தார். அல்லாவே, எவ்வளவு சந்தோசமான நாட்கள்! பிறகு வருத்தம் ஓடத் தொடங்கியது. அசர் தொழுகைக்குப் பின் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னக் கேக்காமக் கட்டிக் குடுத்திட்டன் மகள். பொருந்திக்க."

எங்களில் மௌத்தாகப் போகிறவர் மன்னிப்புக் கேட்டால் பொருந்திக்கொள்ள வேண்டும். தெரியும். ஆனால் சொல்லிவிட்டால் இவர் போய்விடுவாரே!

"பொருந்தமாட்டன்" என்றேன். "அதுக்காகவாவது இரிங்க."

வாப்பா சிரித்தார். ஈறெல்லாம் இரத்தம். "புடிவாதக்காரி" என்றார்.

மூன்றாம் நாள், உடலைச் சுற்றிய கபன் துணியை முடிச்சிடுமுன் முகம் பார்க்க என்னை விட்டார்கள். "பொருந்திட்டன் வாப்பா" என்றேன். பக்கத்தில் நின்ற உம்மாவுக்குத்தான் கேட்டது.