கூனி இடித்த வீடு

ரங்கூனில் குண்டு விழுந்து, நம் ஆட்கள் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பினார்களே, அதற்கு மறு வருஷம் பங்குனியில் நான் தூத்துக்குடி போனேன். கடல் பார்க்க இல்லை, சண்டை போட. என் தம்பி மகன் முத்து பர்மாக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடியிருந்தது ஒரு வளவில்; ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு வீடு. அமாவாசைக்குள் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்கார அண்ணாச்சி உத்தரவு போட்டுவிட்டாராம். அவள் சமையல் நாறுகிறதாம். கருவாடு காயாத கூரையே இல்லாத ஊரில் இப்படி ஒரு நியாயம்! விடுவேனா?

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இருபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பஸ்ஸுக்கு ஆறணா. யுத்தகாலமென்று பெட்ரோல் இல்லை. வண்டிக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

"டிரைவர் அண்ணாச்சி, தள்ளுததுக்கு எனக்குக் கூலி உண்டா?" என்று கேட்டேன்.

"நீரு ஏறி உக்காரும் ஓய். அந்த வாயை மட்டும் மூடும், பாதிப் பாரம் கொறஞ்சிரும்."

காலையில் ஏறியவன் உச்சிவேளைக்கு முகமெல்லாம் கரியோடு இறங்கினேன். வெள்ளை வேட்டி கட்டிப் போனது என் புத்தி. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அவ்வளவுதான் வரும்.

வளவுக்குள் நுழைந்து கட்டிலில் உட்கார்ந்தேன். முத்துவின் பெண்டாட்டி மா சேன் தண்ணீர் எடுக்க என்னைக் கடந்து போனாள். போனவள் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தரையைப் பார்த்தபடி போனாள்.

"ஏளா, என்ன தேடுத? மூக்குத்தி விழுந்துட்டா?"

முத்து சிரித்தான். "அது மரியாதை பெரியப்பா. பெரியவங்களைத் தாண்டையில அவ ஊருல நிமிந்து போகக்கூடாது."

"அப்பம் உங்க பெரியம்மைக்கும் சொல்லிக் குடுல. அவ என்னைத் தாண்டயில மிதிச்சிட்டுல்லா போறா."

சாப்பாடு வந்தது. சோறு, வெள்ளரிப்பிஞ்சு, அவித்த கீரைத்தண்டு, நடுவே கிண்ணத்தில் கறுத்த விழுது. நம் கடற்கரையில் கூனி என்று விற்கிறார்களே பொடி இறால், அதை உப்பில் ஊறப்போட்டு உரலில் இடித்தது. பெரியவன் என்று முதல் கரண்டிச் சோறு எனக்கு. அதுவரை வேறு யாரும் கை வைக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், முதல் வாயில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் வாயில் நாக்கு சமாதானமாகிவிட்டது. அப்புறம் நானே கேட்டு வாங்கினேன்.

மூக்கில் துண்டோடு வாசலில் வந்து நின்றார் வீட்டுக்கார அண்ணாச்சி.

"வாரும் ஓய்," என்றேன். "உம்ம கூரையில காயுதது என்ன, மல்லியப்பூவா?"

"அது சாளைக் கருவாடு. நம்ம வாசம்."

"இதும் அதே கடல்ல பிடிச்சதுதாம்வே."

அவர் துண்டை எடுத்தார். "வாசம் கெடக்கட்டும். எங்கம்மை கூன் விழுந்தவ. இவ அவளைக் கண்டாலே குனிஞ்சு குனிஞ்சு நடந்து காட்டுதா. அதோட விட்டாளா? முந்தாநாள் உரல்கிட்ட நின்னு, 'கூனிய இடிக்கணும், நல்லா இடிக்கணும்'னு அம்மை காதுபடச் சொல்லுதா. அம்மை ரெண்டு நாளா சாப்பிடல, தெரியுமா?"

எனக்குச் சிரிப்பில் சோறு மூக்கில் ஏறிவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. முத்து மா சேனுக்கு அவள் பாஷையில் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. பிறகு அந்த வணக்கத்தையும் இறாலையும் அண்ணாச்சிக்கு விளக்கினான்.

அண்ணாச்சி கொஞ்சம் இறங்கினார். "சரி, தெரியாம நடந்துபோச்சி. இனிமே நிமிந்து நடக்கட்டும். அந்தச் சட்டியத் தூரப் போடட்டும். இருந்துக்கிடுங்க."

முத்து தலையாட்டினான். அகதியாக வந்தவனுக்கு வேறு யார் வீடு கொடுப்பார்கள்? அவள் ஆட்டவில்லை.

"பெரியவங்க முன்னாடி நிமிந்து போக மாட்டேன்," என்றாள் அரைகுறைத் தமிழில். "எங்கம்மா அப்படி வளக்கல. கூனின்னு பேரு நானா வச்சேன்? நீங்க வச்சது."

ஒரு தட்டில் சோறும் விழுதும் எடுத்தாள். முற்றத்தைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் இருந்த ஆச்சியிடம், அண்ணாச்சியின் அம்மையிடம், போனாள். குனிந்தேதான் போனாள். ஆச்சியின் முகம் எப்போதும் தரையைப் பார்த்தே இருக்கும். இவள் இன்னும் தாழக் குனிந்து, அந்த முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், "நீங்க முதல்ல" என்று தட்டை நீட்டினாள்.

ஆச்சி தட்டை வாங்கினாள். "எல்லாவளும் என் முதுகப் பாத்துதாம் பேசுதாளுவ. மூஞ்சியப் பாக்க வந்தவ நீ ஒருத்திதாம்ளா." ஒரு வாய் அள்ளினாள். "நாறுது," என்றாள். இன்னொரு வாய் அள்ளினாள்.

"அம்மா, அந்த நாத்தம்..." என்று அண்ணாச்சி இழுத்தார்.

"சின்னப்புள்ளையில உன் துணிய நான் மூக்கப் பொத்திக்கிட்டா துவச்சேன்? போலே!"

தூத்துக்குடி போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கரிவண்டியானால் பழைய வேட்டி கட்டுங்கள். அந்நியர் வீட்டில் இலை போட்டால், இரண்டாம் வாய்வரை முகத்தைச் சுளிக்காதீர்கள்.

அமாவாசை வந்தது, போனது. உரல் நிற்கவில்லை. வாசம் பிடிக்காதவர்கள் தாராளமாக மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வளவிலேயே குடியிருக்கலாம். நாங்கள் யாரையும் காலி பண்ணச் சொல்லவில்லை.