நான் ‘பிளாக்’ செய்த மாநாடு

இது நடந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஜார்ஜ்டவுனுக்குக் கடல் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் பிறை தொழிற்பேட்டையில், கப்பலில் வந்து இறங்கும் சரக்குகளுக்குப் பத்திரங்கள் தயார் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. அன்றைக்கு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் சோற்றுப் பொட்டலம், இன்னொரு கையில் போன். அந்த நேரத்தில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே ஒத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். நாற்பத்தாறு வயதில் சட்டத்தில் முதுகலை படிக்கச் சேர்ந்தேன். வார இறுதி வகுப்பு. பாடம் அனைத்துலகச் சட்டம் என்றதும் அவர், “இனிமே நம்ம வீட்டுச் சண்டைய ஐ.நா. சபையிலதான் தீர்க்கணும் போல” என்று கேலி செய்தார். செய்யட்டும். எனக்கு அந்தப் படிப்பு வேண்டியிருந்தது.

காரணம் ஒரு கப்பல். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. கப்பல்காரர் அப்படியே கைகழுவிவிட்டார். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. கப்பலில் பறந்தது ஒரு நாட்டுக் கொடி, கப்பல்காரர் வேறு நாடு, மாலுமிகள் இன்னொரு நாடு, நின்றது நம் கடல். சாப்பாடும் குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டே வந்தன. அந்தச் சரக்குக்குப் பத்திரம் செய்தது நாங்கள் என்பதால், மாலுமிகள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டார்கள். “நமக்குச் சம்பந்தமில்ல, எடுக்காதீங்க” என்று முதலாளி சொல்லிவிட்டார். நாங்களும் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓயும். ஒருநாள் மனசு கேட்காமல் நான் எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் பேசியவர் கத்தவில்லை, அழவுமில்லை. “மேடம், ஏதாவது தகவல் உண்டா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடைசியில் ஒரு தொண்டு அமைப்பு தலையிட்டு அவர்களை ஊருக்கு அனுப்பி வைத்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. இப்படி ஆட்கள் நடுக்கடலில் நிற்கும்போது யார்தான் பொறுப்பு? அதைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தைத் தூக்கினேன்.

இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் ஓர் அறிவிப்பைக் காட்டினார். ஜார்ஜ்டவுனில் கடல் சட்டம் பற்றி அனைத்துலக மாநாடு நடக்கப்போகிறது. கட்டுரை படிக்க விரும்புகிறவர்கள் முந்நூறு சொற்களில் சுருக்கம் அனுப்பலாம், மாணவர்களும் அனுப்பலாம். தேர்வானால் பதினைந்து நிமிடம் பேசக் கிடைக்கும். நீதிபதிகள், கடல் துறை அதிகாரிகள், பேராசிரியர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். பதில் சொல்லக் கூடியவர்கள் இருக்கும் ஓர் அறையில் அந்த மாலுமியின் கேள்வியை வைத்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அந்தப் பதினைந்து நிமிடம்தான். முந்நூறு சொல்லை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

முடிவு வரவேண்டிய தேதி வந்தது, போனது. ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. எங்கிருந்து என் மின்னஞ்சல் முகவரி கிடைத்ததோ, நான் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் மாநாட்டு அழைப்புகள் கொட்டின. எல்லாவற்றிலும் “மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே” என்று ஆரம்பம், கடைசியில் பணம் கட்டச் சொல்லி ஒரு லிங்க். அடப்பாவிகளா, நான் எப்போது பேராசிரியர் ஆனேன்? பேராசிரியர் என்ற சொல்லைப் பார்த்ததும் திறக்காமலேயே குப்பைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி மக்காவ் ஸ்கேமில் மாட்டப் பார்த்தாள். உன் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்று போனில் மிரட்டி வங்கி விவரத்தைக் கறக்கும் கும்பல்தான். அவள் பாதி விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போனைப் பிடுங்கியதால் தப்பினாள். அன்றிலிருந்து தெரியாத நம்பர் என்றாலே எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறிவிடும்.

இந்த நிலைமையில்தான் அந்த வியாழக்கிழமை போன் வந்தது. ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில் என் முழுப் பெயரைச் சொல்லி நான்தானா என்று கேட்டது. அனைத்துலகச் சட்டம் சம்பந்தமான விஷயம் என்றது. இன்று ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும், ஒரு லிங்க் அனுப்புகிறேன் என்றது. எனக்கு வேறென்ன வேண்டும்? சட்டம், அவசரம், லிங்க், மூன்றும் வந்துவிட்டன.

“எந்த மக்காவ் ஸ்கேம் கும்பல்டா நீ?” என்றேன்.

“அக்கா, நீங்க தமிழாளா? நல்லதாப் போச்சு. பயப்படாதீங்கக்கா…” என்று ஆரம்பித்தார். தமிழில் பேசியதும் எனக்கு இன்னும் ஏறிவிட்டது. “தமிழ்ல பேசுனா ஏமாந்துருவோம்னு நெனச்சியா? உங்கம்மா உன்னை இதுக்குத்தான் பெத்தாங்களா? உடம்பு வணங்கி உழைச்சுச் சாப்பிடத் தெரியாதா?” என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் வாயைத் திறக்கவே விடவில்லை. வைத்துவிட்டு நம்பரை பிளாக் செய்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு நம்பரிலிருந்து வந்தது. அதே குரல். அதையும் பிளாக் செய்தேன். கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. சோறு கூடுதல் ருசியாக இருந்தது.

நாலு மணி சுமாருக்கு நல்ல மழை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். முப்பது வயது இருக்கும். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே என் பெயரைச் சொல்லி விசாரித்தார். நான்தான் என்றேன்.

“அக்கா, நான்தான் அந்த மக்காவ் ஸ்கேம்” என்றார்.

அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. அவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மாநாட்டின் நிகழ்ச்சி நிரல். இரண்டாம் நாள் காலை அமர்வில் என் பெயர், என் தலைப்பு. அவர் மாநாட்டுச் செயலகத்தில் குமாஸ்தா.

எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை பாருங்கள்! அவரை நிற்க வைத்துக்கொண்டே, பழைய அறிவிப்பில் இருந்த எண்ணைத் தேடி எடுத்துச் செயலகத்துக்குப் போன் போட்டேன். அங்கே ஒரு பெண், “ஆமா மேடம், எங்காளுதான். உங்களத் தேடி ஃபெர்ரி ஏறிப் போயிருக்காரு” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

குப்பைக்குள் தேடினேன். பன்னிரண்டு நாளுக்கு முன்பே தேர்வுக் கடிதம் வந்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அச்சில் அனுப்பியதால், “மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே” என்றுதான் அதுவும் ஆரம்பித்தது. என் கையாலேயே தள்ளியிருக்கிறேன். ஐந்து மணிக்குள் நான் உறுதி செய்யாவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்த இடம் போய்விடும். விண்ணப்பத்தில் நான் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்ததால் அவர் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, மழையில் பிறைக்கு வந்திருக்கிறார். கையெழுத்துப் போடும்போது மணி நாலே முக்கால். அவர் தாளைப் படம் எடுத்து உடனே அனுப்பினார்.

“அவ்வளவு பேச்சு வாங்கிட்டு எதுக்கு தம்பி வந்தீங்க? விட்டுட்டுப் போயிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“இவ்ளோ நல்லாத் திட்டுறவங்க மேடையில பேசலன்னா மாநாட்டுக்குத்தான் நஷ்டம்லா” என்று சிரித்தார். ஒரு தேநீராவது குடிக்கச் சொன்னேன். ஃபெர்ரியைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

மாநாட்டு நாள் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடம். இருக்கிற சேலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என் முறை வந்ததும் ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, மனப்பாடம் செய்திருந்த முதல் வரியைச் சொன்னேன். “ஒரு போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் எடுக்கவில்லை.”

சொல்லும்போது கண் தற்செயலாகக் கதவுப் பக்கம் போனது. பெயர் அட்டைகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் அந்தத் தம்பி நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு நாள் உட்கார்ந்து அந்த வரியை எழுதியவள் நான். அதே நான், எனக்காக அடித்த போனை இரண்டு தடவை வெட்டியிருக்கிறேன். கட்டுரையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நடந்ததை அப்படியே அந்த அறையில் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் மாலுமியின் கேள்விக்குப் போனேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் போனைப் பார்க்கவில்லை. முடிந்ததும் துறைமுக அதிகாரி ஒருவர் எழுந்து, தங்கள் அலுவலகத்தில் இப்படி அழைப்பு வந்தால் எடுக்க ஆள் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கப்போவதாகச் சொன்னார். பெரிய பெரிய தீர்மானங்களைவிட எனக்கு அது பிடித்திருந்தது.

மதியம் அந்தத் தம்பியே பக்கத்துக் கடையில் எங்களுக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தார். காசை நீட்டினால் வாங்கவில்லை. “இவ திட்டுறதுக்கு முன்னாடி வாங்கிக்குங்க தம்பி” என்று என் வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் சிரித்துக்கொண்டே வாங்கினார். இப்போது அடுத்த மாநாட்டுக்கு அறிவிப்பு வந்தால் முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார், “அக்கா, இது உண்மையானது” என்று ஒரு வரி சேர்த்து.

லிங்க்கைத் தொடுவதில்லை, வங்கி விவரம் சொல்வதில்லை, அதெல்லாம் பழையபடிதான். ஆனால் தெரியாத நம்பர் வந்தால் எடுக்கிறேன், அந்தப் பக்கம் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். ஏதாவது தகவல் உண்டா என்று கேட்ட மாலுமிக்கு அன்று நான் சொல்ல முடியாமல் போன பதிலுக்கு ஈடாக, என்னால் முடிந்தது இவ்வளவுதான்.