மாமா பயந்த பேய்

ஒக்டோபர் முடிகிற வாரத்தில் சூடாக்கியை முதன்முதலாகத் திருப்பும்போது, கோடை முழுக்க அதற்குள் உறங்கிய தூசி கருகி ஒரு மணம் எழும். அது வந்தால் போதும். இப்போது ரொக்ஸ்பரோவில் உள்ள என் வீட்டில், ஐம்பதை நெருங்கும் நான், ஹலோவீன் இரவில் வேடமிட்டு வரும் பிள்ளைகளுக்கான இனிப்புக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, தொலைபேசியில் பழைய வானொலித் திகில் நாடகமொன்றைத் தேடிப் போடுவேன். கதவு கிறீச்சிடும். காற்று ஊளையிடும். அந்தக் குரல்களுக்கு உரியவர்கள் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆனாலும் வருடம் தவறாமல் வந்து தட்டுகிறார்கள். எனக்கு மறுபடி ஒன்பது வயதாகிவிடும்.

அப்போது மொன்ட்ரியால்-நோரில் இருந்தோம். அப்பா மாலை வேலைக்குப் போனபின் வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. ஹலோவீன் அன்று ஆங்கில வானொலி ஒன்று பழைய திகில் நாடகங்களை வரிசையாகப் போடும். மாமா குசினியில் பிரிட்ஜின் மேல் வானொலியை வைத்து, அடுப்பின் மேலுள்ள சின்ன விளக்கைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் பயப்பட மாட்டார். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் அவருக்கு வேலை. எந்தக் கொலையும் அவர் காதுக்கு மரக்கறியாகவே கேட்டது.

"தலை துண்டாப் போச்செண்டு நினைக்கிறியோ மருமோள்? அது முட்டைக்கோவா. ரெண்டாப் பிளக்கிறாங்கள்."

"அப்ப எலும்பு முறிஞ்சது?"

"செலறி. அதுவும் வாடின செலறி."

"உவன் பேயையும் கறிவைச்சுப்போடுவான்" என்பார் அடுப்படியில் நிற்கும் அம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவை ஒருமுறையாவது பயப்படுத்த வேண்டும். அந்த வருடம் வேறு ஆசையே இல்லை.

பேயாவதற்கு வெள்ளைத் துணி கேட்டேன், அம்மா தரவில்லை. சந்தையிலிருந்து மாமா கொண்டுவந்த உருளைக்கிழங்குச் சாக்கு கிடைத்தது. பள்ளிக்கூடக் கத்தரிக்கோலால் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டித் தலையில் கவிழ்த்தேன். உள்ளே மண் வாசம். என் மூச்சு யாருடையதோ போலக் கேட்டது. ஓட்டைகளுக்கு அப்பால் குசினி தண்ணீருக்குள் கிடப்பதுபோல் மிதந்தது.

வானொலியில் கல்லறை திறந்துகொண்டிருந்தது. "எங்கட கடைக் கதவு இதைவிட நல்லாக் கத்தும்" என்று சிரித்தபடி மாமா திரும்பினார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் பேசவில்லை. அவரையே பார்த்து, மெல்ல, மேலும் கீழுமாகத் தலையாட்டினேன்.

மாமா எழும்பினார். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு சுவரோரமாக முழந்தாளிட்டார்.

என்ன நடிப்பு! கைதட்டிச் சிரித்தேன். அம்மா ஓடிவந்து சாக்கை உருவி எறிந்து கன்னத்தில் ஒன்று போட்டார். அவரிடம் நான் வாங்கிய முதல் அடி. பிரிட்ஜின் மேலே வானொலிக்குள் யாரோ கோவாவை வெட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

'தலையாட்டி' என்ற சொல்லை அறிய எனக்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன. யுத்தம் நடந்த எங்கள் ஊரில் இராணுவம் சுற்றிவளைக்கும் நாளில் ஆண்களை வரிசையாக நடத்துவார்களாம். சாக்கால் முகம் மூடிய ஒருவன், ஆட்களைக் காட்டிக்கொடுப்பவன், முன்னால் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வீடு திரும்புவதில்லை. மாமா கடந்தபோது சாக்கு அசையவில்லை. பின்னால் வந்த சிநேகிதனுக்கு அசைந்தது. அம்மா இதைச் சொன்னபோது நான் இரண்டு பிள்ளைகளின் தாய்.

ஒன்பது வயதில் நான் வென்றவள், அவ்வளவுதான். தோற்ற வெட்கத்தில்தான் மாமா டொரொண்டோவுக்குப் போகிறார் என்றுகூட நம்பினேன். நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, வெளிப்படிக்கட்டில் பையோடு நின்றார்.

"சொல்லுங்கோ மாமா, என்னைப் பாத்துத்தானே பயந்தனீங்கள்?"

என் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டார்.

"ஓம் மருமோள், உன்னைப் பாத்துத்தான்." இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "அடுத்த முறை சாக்குப் போட்டா, இல்லையெண்டு தலையாட்டு, என்ன?"